பின்பக்கப் படிக்கட்டு

அப்பா முப்பத்து நான்கு வருடம் சார்நிலைக் கருவூலத்தில் வேலை பார்த்தவர். பில்லில் ஒரு சுருக்கொப்பம் விட்டுப்போயிருந்தாலும் ஆப்ஜெக்‌ஷன் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. மளிகைக்கடைச் சீட்டைக்கூட இரண்டு தரம் கூட்டிப் பார்ப்பார்.

2019 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டார்.

"ஏம்ப்பா, அங்க கவர்ன்மென்ட்டையே மூடிட்டாங்களாமே? டிவியில சொல்றான். கவர்ன்மென்ட்ட எப்படிப்பா மூடுவாங்க? அதென்ன கடையா?"

நான் மேரிலாந்தில் இருக்கிறேன். வாஷிங்டனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். எங்கள் குடியிருப்பில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு வகையில் அரசாங்க வேலை. அந்த மாதம் கார் நிறுத்துமிடம் பகலிலும் நிறைந்தே கிடந்தது. வேலைக்குப் போகிறவர்களின் கார்கள் பகல் பதினொரு மணிக்கு நகராமல், கண்ணாடியில் பனி உறைந்து நின்றால் அதைப் பார்க்கவே ஒரு மாதிரியாக இருக்கும்.

அப்பாவுக்கு விளக்கினேன். இங்கே நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதற்குள் காங்கிரஸ், அதாவது இங்கத்திய நாடாளுமன்றம், ஒதுக்கீட்டு மசோதாக்களை நிறைவேற்றி அதிபர் கையெழுத்துப் போட வேண்டும். முடியாவிட்டால் ஒரு தற்காலிக மசோதாவைப் போட்டு ஓட்டுவார்கள். அதுவும் இல்லையென்றால் செலவு செய்ய அனுமதி கிடையாது. உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பான வேலைகள் மட்டும் சம்பளமில்லாமல் நடக்கும், மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நம் ஊரில் நிதி மசோதா தோற்றால் ஆட்சியே போய்விடும். இங்கே அதிபரை மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், காங்கிரஸைத் தனியாக. யார் பதவியும் போகாது. ஆபீஸ் மட்டும் மூடும்.

அப்பாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "ஒதுக்கீடு இல்லாம பில் பாஸ் பண்ணக் கூடாது. அது வரைக்கும் சரி. நானே பண்ண மாட்டேன்" என்றார். "ஆனா ஒதுக்கீடு வராத அளவுக்கு மேல இருக்கிறவங்க என்னப்பா பண்ணிக்கிட்டு இருக்காங்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம், முந்தைய ஷட்டவுன்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். எங்கே சுற்றினாலும் 1995 நவம்பரில் வந்து நின்றேன். ராஜதந்திரம், கோபதாபம், ஊழியர்களின் சம்பளம், ஒரு இளம் பெண்ணின் வாழ்க்கை எல்லாம் ஒரே வாரத்தில் முடிச்சு விழுந்த மாதம் அது.

அதற்கு முன் ஒரு சின்ன சங்கதி. ஒதுக்கீடு இல்லாமல் செலவு செய்யக் கூடாது என்ற சட்டம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. அவசர வேலை தவிர, சம்பளம் வாங்காமல் தானாக முன்வந்து செய்யும் வேலையைக்கூட அரசு ஏற்கக் கூடாது என்று 1884இல் சேர்த்தார்கள். ஆனாலும் நூறு வருடம் அதற்காக யாரும் ஆபீஸைப் பூட்டவில்லை. மசோதா தாமதமானால் செலவைக் குறைத்துக்கொண்டு வேலை செய்வார்கள், பணம் பின்னால் வரும். 1980இல் அதிபர் கார்ட்டரின் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, சட்டத்தை எழுத்துப் பிசகாமல் படித்தால் மூடத்தான் வேண்டும் என்று கருத்து எழுதிக் கொடுத்தார். அப்பா மாதிரி ஆள் போலிருக்கிறது. அவர் எழுதியதில் சட்டப்படி தப்பில்லை. ஆனால் அன்றிலிருந்து, சண்டை போடுகிறவர்கள் கையில் ஒரு பூட்டு கிடைத்துவிட்டது.

சரி, 1995.

நவம்பர் 4, சனிக்கிழமை இரவு. டெல் அவிவில் அமைதிப் பேரணி முடிந்து காரை நோக்கி நடந்துகொண்டிருந்த இஸ்ரேல் பிரதமர் இட்சாக் ராபினை அவர் நாட்டு இளைஞன் ஒருவனே சுட்டுக் கொன்றான். அமெரிக்க அதிபர் பில் கிளின்டனுக்கு ராபின் மேல் தனி மரியாதை உண்டு. இரண்டு வருடம் முன்பு வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ராபினையும் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தையும் கைகுலுக்க வைத்தவர் அவர். செய்தி வந்ததும் ரோஜாத் தோட்டத்தில் வந்து நின்று சில நிமிடம் பேசினார். முடிக்கும்போது ஹீப்ருவில் இரண்டே வார்த்தை: ஷலோம், ஹவேர். போய் வா, நண்பா.

நவம்பர் 6 அன்று ஜெருசலேமில் இறுதிச் சடங்கு. ஏர்ஃபோர்ஸ் ஒன் விமானத்தில் கிளின்டன், முன்னாள் அதிபர்கள் கார்ட்டர், புஷ், பிரதிநிதிகள் சபை சபாநாயகர் நியூட் கிங்ரிச், செனட் பெரும்பான்மைத் தலைவர் பாப் டோல் எல்லாரும் போனார்கள். போக வர இருபத்தைந்து மணி நேரம். தற்காலிக ஒதுக்கீடு நவம்பர் 13 நள்ளிரவோடு முடிகிறது. ஏழு வருடத்தில் வரவு செலவைச் சமமாக்க வேண்டும், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் கை வைக்க வேண்டும் என்று கிங்ரிச், டோலின் குடியரசுக் கட்சி நிற்கிறது. அதெல்லாம் முடியாது என்று அதிபர் நிற்கிறார். முடிவெடுக்கக்கூடிய மூன்று பேரும் ஒரே விமானத்தில் இருக்கிறார்கள். அந்த இருபத்தைந்து மணி நேரத்தில் பட்ஜெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

துக்க வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது பணக் கணக்குப் பேசக் கூடாது என்பது நியாயமான எண்ணம்தான். கிளின்டன் அன்று பேசாததை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் விமானம் வந்து இறங்கியபோது கிங்ரிச்சையும் டோலையும் பின்பக்கப் படிக்கட்டு வழியாக இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

நவம்பர் 13 அன்று காங்கிரஸ் அனுப்பிய தற்காலிக மசோதாவைக் கிளின்டன் நிராகரித்தார். மறுநாள் ஏறத்தாழ எட்டு லட்சம் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 15ஆம் தேதி காலை நிருபர்களோடு சிற்றுண்டி சாப்பிடும்போது கிங்ரிச் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார். இருபத்தைந்து மணி நேரம் விமானத்தில் இருந்தோம், யாரும் வந்து பேசவில்லை, பின்பக்கமாக இறங்கச் சொன்னார்கள், இது என்ன மரியாதை என்று கேட்டார். மசோதாவை இன்னும் கடுமையாக அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றும், இது சின்னத்தனம்தான் ஆனால் மனித இயல்பு என்றும் அவரே சொன்னார். மறுநாள் நியூயார்க் டெய்லி நியூஸ் முதல் பக்கம் முழுக்க, அரைத்துணி கட்டி பால்புட்டியோடு கதறும் குழந்தையாக அவரை வரைந்து, அழுமூஞ்சி என்று தலைப்புப் போட்டது. விமானத்தில் கிளின்டன் அவர்களோடு உட்கார்ந்து பேசும் ஒரு படத்தை வெள்ளை மாளிகை வெளியிட்டது. நாடே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வளர்ந்த ஊரில் கல்யாணங்கள் நின்றுபோகும் அளவுக்கு வந்த சண்டைகளைப் பார்த்திருக்கிறேன். நகையிலோ பணத்திலோ தொடங்கியவை குறைவு. மாப்பிள்ளையின் பெரியப்பா மண்டப வாசலில் வந்து இறங்கியபோது யாரும் "வாங்க" என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். அப்புறம்தான் நகையில் எடை குறைகிறது, சாம்பாரில் உப்பு கூடுகிறது. வாங்க என்று கேட்கவில்லை என்று வெளியே சொன்னால் சின்னத்தனமாகத் தெரியும் என்று அவருக்கும் தெரியும், அதனால்தான் நகையைப் பிடித்துக்கொள்கிறார். கிங்ரிச் செய்த தப்பு, உண்மையான காரணத்தில் ஒன்றை நிருபர்கள் முன்னால் வாய்விட்டுச் சொன்னதுதான். ஒரு நாட்டின் சபாநாயகர் தன் மனவருத்தத்துக்காக எட்டு லட்சம் பேரின் அடுப்பில் கை வைக்கலாமா என்றால் கூடாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வருத்தத்தை முன்கூட்டியே பார்த்து, முன்பக்கப் படிக்கட்டை அவருக்கும் திறந்துவிட ஒரு ஆள் அந்த விமானத்தில் இல்லாமல் போனதும் நிர்வாகத்தின் தோல்விதான்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தக் கலை அதே அரசாங்கத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சரியாக அதே வாரத்தில், ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

போஸ்னியாவில் மூன்றரை வருடப் போர். ஸ்ரெப்ரெனிட்சாவில் அந்த ஜூலையில்தான் சுமார் எட்டாயிரம் முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றிருந்தார்கள். செர்பியாவின் ஸ்லோபோடான் மிலோசெவிச், குரோஷியாவின் ஃபிரான்யோ டுஜ்மன், போஸ்னியாவின் அலியா இசெட்பெகோவிச் மூவரையும் ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்துக்கு அமெரிக்கத் தரப்பில் பேச்சு நடத்திய ரிச்சர்ட் ஹோல்ப்ரூக் நவம்பர் 1 அன்று அழைத்து வந்தார். அரண்மனை இல்லை, ஏரிக்கரை விடுதி இல்லை. ராணுவ அதிகாரிகள் வந்தால் தங்கும் சாதாரணக் கட்டடங்கள், நடுவில் ஒரு கார் நிறுத்துமிடம். ஒருவருக்குக் கூடுதல், இன்னொருவருக்குக் குறைச்சல் என்று பேச்சு வரக்கூடாது என்று அறைகளை ஒரே மாதிரி அமைத்திருந்தார்கள். தூதுக்குழுக்கள் நிருபர்களிடம் பேசக் கூடாது, வெளியே சொல்ல வேண்டியதை வெளியுறவுத்துறையின் செய்தித் தொடர்பாளர் ஒருவரே சொல்வார். யார் முதலில் கதவுக்குள் நுழைகிறார், யார் எங்கே உட்காருகிறார், சாப்பாட்டு மேசையில் யார் பக்கத்தில் யார் என்பது வரை யோசித்து வைத்திருந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வரைபட இரவு. போஸ்னிய அரசின் கையில் தீவு போலத் தனியாகக் கிடந்த கோராஷ்டே ஊரைச் சரயேவோவோடு சேர்க்க ஒரு பாதை வேண்டும், எவ்வளவு அகலம் என்பதில் முட்டிக்கொண்டு நின்றது. 16ஆம் தேதி இரவு மிலோசெவிச்சை ஒரு கணினித் திரைக்கு முன் உட்கார வைத்தார்கள். விமானிகள் பயிற்சிக்காக ராணுவம் வைத்திருந்த முப்பரிமாண வரைபடம் அது. போஸ்னியாவின் மலைகள் மேல் பறப்பது போலவே தெரியும். நீங்கள் சொல்லும் அந்த ஒல்லிப் பாதை இதோ, இரண்டு பக்கமும் மலை, இதில் எப்படி ரோடு போடுவது என்று காட்டினார்கள். ஸ்காட்ச் விஸ்கி கோப்பையோடு உட்கார்ந்து பார்த்தவர், கடைசியில் அகலத்தை ஏற்றுக்கொண்டார். அமெரிக்கர்கள் அதற்கு ஸ்காட்ச் ரோடு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கையில் இத்தனை ரத்தம் பட்ட ஒரு மனிதரிடம் ஆத்திரப்படாமல், மலையைக் காட்டிப் பேச எவ்வளவு பொறுமை வேண்டும். 20ஆம் தேதி எல்லாம் உடைந்துவிட்டது என்றே நினைத்தார்கள். பிர்ச்கோ என்ற ஒரே ஊர் மிச்சம் நின்றது. அதை நடுவர் தீர்ப்புக்கு விட்டு, மறுநாள் ஒப்பமிட்டார்கள். 21 நாள்.

நான் காலண்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். முதல் ஷட்டவுன் நவம்பர் 14 முதல் 19 வரை. முழுக்க முழுக்க டேட்டன் பேச்சு நடந்த நாட்களுக்குள் வருகிறது. டேட்டன் ஒப்பந்தத்தைப் பாரிஸில் டிசம்பர் 14 அன்று முறைப்படி கையெழுத்திட்டார்கள். இரண்டாவது ஷட்டவுன் டிசம்பர் 16 அன்று தொடங்கியது. அது ஜனவரி 6 வரை நீண்டது. அதுவும் 21 நாள். மூன்று எதிரிகளைச் சேர்த்து வைக்க எடுத்த அதே அளவு நாட்கள், சொந்த ஊரில் இரண்டு கட்சிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

அந்த முதல் ஷட்டவுனில் இன்னொன்றும் நடந்தது. அதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் விட முடியாது. வெள்ளை மாளிகையில் வழக்கமாக 430 பேர் இருந்த இடத்தில் 90 பேர் மிஞ்சினார்கள். அத்தியாவசிய வேலை இல்லாத ஊழியர் விருப்பப்பட்டாலும் சம்பளமில்லாமல் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறதல்லவா? ஆனால் சம்பளப் பட்டியலிலேயே பெயர் இல்லாத பயிற்சியாளர்களுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் அதிபரின் தலைமை அலுவலர் அறையில் போன் எடுக்கவும் காகிதம் கொண்டுபோகவும் அவர்களை உட்கார வைத்தார்கள். அவர்களில் ஒருவர் மோனிகா லெவின்ஸ்கி, வயது 22. நவம்பர் 15 அன்றுதான் அவருக்கும் கிளின்டனுக்கும் இடையிலான உறவு தொடங்கியது. கிங்ரிச் காலையில் பின்பக்கப் படிக்கட்டைப் பற்றிப் பொருமிய அதே நாள்.

இரண்டு வருடம் கழித்து, 1998 ஜனவரியில், விஷயம் வெளியே வந்தது. கிளின்டன் முதலில் தொலைக்காட்சியில் விரலை நீட்டி மறுத்தார். ஆகஸ்ட் 17 அன்று கிராண்ட் ஜூரி முன் சாட்சி சொல்லி, அன்று இரவே நாட்டு மக்களிடம் தப்பை ஒப்புக்கொண்டார். மூன்றாம் நாள் சூடானிலும் ஆஃப்கானிஸ்தானிலும் அமெரிக்க ஏவுகணைகள் விழுந்தன. இரண்டு வாரம் முன்புதான் நைரோபியிலும் தாருஸ்ஸலாமிலும் அமெரிக்கத் தூதரகங்களில் குண்டு வெடித்து இருநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். காரணம் இருந்தது. ஆனாலும் அந்தத் தேதியைப் பார்த்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். டிசம்பர் 16 அன்று ஈராக் மேல் குண்டு போட்டபோதும் அதே சந்தேகம் எழுந்தது, பதவி நீக்கத் தீர்மான விவாதமே ஒரு நாள் தள்ளிப்போனது. 19ஆம் தேதி பிரதிநிதிகள் சபை தீர்மானத்தை நிறைவேற்றியது. 1999 பிப்ரவரி 12 அன்று செனட் அவரை விடுவித்தது. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 67 வாக்கு தேவைப்பட்ட இடத்தில் 50க்கு மேல் போகவில்லை.

பொய் சொன்ன தலைவருக்கு நேரும் பெரிய நஷ்டம் இதுதான் என்று நினைக்கிறேன். அடுத்து அவர் சொல்லும் உண்மைக்கும் சாட்சி கேட்பார்கள்.

இத்தனைக்கும் அதே 1998இல் அவர் செய்த ராஜதந்திர வேலை சாதாரணமானதில்லை. ஏப்ரல் 10 அன்று வட அயர்லாந்து அமைதி ஒப்பந்தம். கடைசி இரவில் பெல்ஃபாஸ்ட்டில் முரண்டு பிடித்த தலைவர்களை வெள்ளை மாளிகையிலிருந்து ஒவ்வொருவராகப் போனில் அழைத்துப் பேசினார். அக்டோபரில் மேரிலாந்தின் வை ஆற்றங்கரையில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவையும் அராஃபத்தையும் ஒன்பது நாள் உட்கார வைத்தார். பேச்சு நின்றுபோகும் போலிருந்தபோது, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த ஜோர்டான் மன்னர் ஹுசேன், தலைமுடியெல்லாம் கொட்டிய கோலத்தில் அங்கே வந்தார். எழுந்து நிற்கவே சிரமப்பட்ட ஒரு மனிதர் வந்து கேட்கும்போது மற்றவர்கள் எப்படி எழுந்து போவார்கள்? 23ஆம் தேதி கையெழுத்தானது. மூன்றரை மாதத்தில் ஹுசேன் இறந்துபோனார்.

அந்த லெவின்ஸ்கி விவகாரத்தை நினைக்கும்போது என் மனம் கிளின்டனிடம் நிற்பதில்லை. அவர் இரண்டாம் பதவிக்காலத்தையும் முடித்துக்கொண்டுதான் போனார். கிங்ரிச் 1998 தேர்தலில் கட்சி இடங்களை இழந்ததும் சபாநாயகர் பதவியை விட்டார். கிளின்டன் விவகாரம் நடந்த காலத்தில் தனக்கும் திருமணத்துக்கு வெளியே ஒரு உறவு இருந்ததை 2007இல் ஒப்புக்கொண்டார். அதற்கு அப்புறமும் 2012இல் அதிபர் வேட்பாளர் போட்டியில் நின்றார். அவர்கள் இருவருக்கும் திரும்பி வர வழி இருந்தது. அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் இரவு நிகழ்ச்சிகளில் வருடக்கணக்கில் கேலிப் பொருளாக வைத்திருந்தார்கள். 2015இல் வான்கூவரில் ஒரு மேடையில் ஏறி, பொது இடத்தில் ஒருவரை அவமானப்படுத்துவது என்ன செய்யும் என்று அவரே பேசினார். சம்பளப் பட்டியலில் பெயர்கூட இல்லாத ஒருவரிடம்தான் அந்த நவம்பரின் கணக்கை வாங்கினார்கள்.

1995 டிசம்பருக்குத் திரும்புகிறேன். இரண்டாவது ஷட்டவுனில் வீட்டில் இருந்தவர்கள் சுமார் 2,84,000 பேர். அதைவிடக் கூடுதலானவர்கள் சம்பளமில்லாமல் வேலைக்குப் போனார்கள். இரண்டு ஷட்டவுனிலும் சேர்த்து இரண்டு லட்சம் கடவுச்சீட்டு விண்ணப்பங்கள் தேங்கின. விசா கேட்டு வந்த வெளிநாட்டவர் விண்ணப்பங்கள் நாளுக்கு இருபதிலிருந்து முப்பதாயிரம் வரை அப்படியே கிடந்தன. கிறிஸ்துமஸ் போனது, புத்தாண்டு போனது. அதிபர் வேட்பாளராகக் கிளம்பியிருந்த பாப் டோல்தான் கடைசியில் போதும் என்று சொன்னவர். ஜனவரி 6 அன்று கதவு திறந்தது. அன்றே பெரும் பனிப்புயல் வாஷிங்டனை மூடியது. மூன்று வாரம் காத்திருந்தவர்கள் மேலும் சில நாள் வீட்டிலேயே இருந்தார்கள்.

ஜனவரி 23 அன்று காங்கிரஸில் அதிபர் உரை. அன்று கிளின்டன் பார்வையாளர் மாடத்தில் இருந்த ஒருவரை அறிமுகப்படுத்தினார். வியட்நாம் போரில் இருந்தவர், சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் 22 வருட ஊழியர். 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா சிட்டி அரசுக் கட்டடத்தில் குண்டு வெடித்தபோது, இடிபாட்டுக்குள் நான்கு முறை திரும்பிப் போய் மூன்று பெண்களைக் காப்பாற்றியவர். அவை முழுக்க எழுந்து கை தட்டியது. குடியரசுக் கட்சிக்காரர்களும் தட்டினார்கள். கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்து, கதை இதோடு முடியவில்லை என்றார் கிளின்டன். நவம்பரில் இவரை அலுவலகத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள், இரண்டாவது ஷட்டவுனில் இவர் சம்பளமில்லாமல் வேலை செய்தார் என்று சொல்லிவிட்டு, இனி ஒருபோதும் அரசாங்கத்தை மூடாதீர்கள் என்றார். தட்டிய கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன.

அரசியலாகப் பார்த்தால் அபாரமான அடி. அந்த வருடம் அவர் மறுபடி ஜெயித்ததற்கு இந்த ஷட்டவுனும் ஒரு காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஊழியரை நினைத்துத்தான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அவரைக் கௌரவிக்கவும் செய்தார்கள், எதிராளியை அடிக்கும் கம்பாகவும் எடுத்துக்கொண்டார்கள்.

அவ்வளவு சொல்லியும் கதவு மறுபடி மூடியது. 1995இல் ஒசாகாவில் நடந்த ஆசிய பசிபிக் மாநாட்டுக்குக் கிளின்டனால் போக முடியவில்லை, அல் கோர் போனார். 2013 அக்டோபரில் பாலியில் அதே மாநாட்டுக்கு ஒபாமாவால் போக முடியவில்லை, ஜான் கெர்ரி போனார். அந்த வாரம் இந்தோனேசிய நாடாளுமன்றத்தில் உரையாற்றிய முதல் வெளிநாட்டுத் தலைவர் சீனாவின் ஷி ஜின்பிங். இடம் காலியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் தள்ளி உட்காரத்தான் செய்வார். 2025 அக்டோபரில் தொடங்கிய ஷட்டவுன் 43 நாள் நீடித்தது. அதுவரை நடந்ததிலேயே நீளமானது. அதன் நடுவில் டிரம்ப் மலேசியா, ஜப்பான், தென் கொரியா என்று போய் ஷியையும் சந்தித்துவிட்டு வந்தார். வெளிநாட்டுக் காரியம் கெடவில்லை என்று பார்த்தால் சரிதான். இங்கே சம்பளம் இல்லாமல் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியவர்களுக்கு அதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும் என்றும் யோசிக்க வேண்டும்.

அப்பா போன் செய்த 2019 ஜனவரியிலும் நடுவில் ஒரு விமானம் வந்தது. எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டு நின்றார் டிரம்ப். சபாநாயகர் நான்சி பெலோசி, ஷட்டவுன் முடியும் வரை உங்கள் ஆண்டு உரையைத் தள்ளிப்போடுங்கள் என்று 16ஆம் தேதி கடிதம் எழுதினார். 17ஆம் தேதி, பிரஸ்ஸல்ஸுக்கும் ஆஃப்கானிஸ்தானுக்கும் கிளம்ப வேண்டிய நேரத்தில், அவருக்கு ராணுவ விமானம் கிடையாது என்று டிரம்ப் கடிதம் அனுப்பினார். விமானத்தளத்துக்குப் போகும் பஸ்ஸில் உறுப்பினர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். இறங்கித் திரும்பிப் போனார்கள். 25ஆம் தேதி, 35ஆம் நாள், சுவருக்குப் பணம் இல்லாமலேயே கதவு திறந்தது.

எங்கள் மேல்வீட்டில் ஒரு அம்மா இருந்தார். எல் சால்வடோர்க்காரர். வாஷிங்டனில் ஒரு அரசு அலுவலகத்தைச் சுத்தம் செய்யும் வேலை, காண்ட்ராக்டர் மூலம். மாலை ஐந்து மணிக்குக் கிளம்புவார், படியில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்கும். அந்த மாதம் அந்தச் சத்தம் இல்லை. மூன்றாவது வாரம் எங்கள் கதவைத் தட்டி, உங்கள் வீட்டைச் சுத்தம் செய்து தரட்டுமா, எவ்வளவு கொடுத்தாலும் பரவாயில்லை என்று கேட்டார். அப்போதும் அந்த அலுவலக அடையாள அட்டை அவர் கழுத்தில் தொங்கியது. வேலை இல்லாத நாளிலும் அதைக் கழற்றத் தோன்றவில்லை போலும். நான் உடனே சரி என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தி, "வேலைக்கு இல்லைங்க, செவ்வாய்க்கிழமை பொங்கல், சாப்பிட வாங்க" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். வந்தார். பையனையும் அழைத்து வந்தார். சாப்பிட்ட அப்புறம் பாத்திரம் தேய்க்க எழுந்தவரை மனைவி உட்கார வைத்துவிட்டு, போகும்போது பையன் கையில் ஒரு உறையைக் கொடுத்தாள். பண்டிகைக்குக் குழந்தைகளுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம் என்றாள். உறையில் இருந்தது ஒரு குழந்தைக்குக் கொடுக்கும் தொகை இல்லை என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். எண்ணிப் பார்க்கவில்லை.

அரசு ஊழியர்களுக்கு ஷட்டவுன் முடிந்ததும் விட்டுப்போன சம்பளம் முழுதும் வர வேண்டும் என்று அந்த ஜனவரியில் சட்டமே போட்டார்கள். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அது பொருந்தாது. எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

பிப்ரவரியில் அப்பா போன் செய்தபோது முதல் கேள்வி அதுதான்.

"அந்த மேல்வீட்டு அம்மாவுக்கு அரியர் வந்துச்சாப்பா?"

"இல்லப்பா. காண்ட்ராக்ட்ல இருக்கிறவங்களுக்குக் கிடையாது."

"அவங்க மேல என்ன தப்பு? வேலைக்கு வர வேண்டாம்னு சொன்னதே இவங்கதானே. யாராவது அதுக்கு ஃபைல் போட்டாங்களா?"

"மசோதா போட்டாங்கப்பா. பாஸ் ஆகல."

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டார். நாலாவது என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்தார்.